ஜோதி என்ற பெயரில் இருந்த ரத்தம்

ஜோதி மல்லசமுத்திரத்தில் பிறந்தவள், பள்ளிபாளையத்தில் வாழ்க்கைப்பட்டவள். துண்டு நெய்யும் தறிப்பட்டறை ஒன்றில் மடிப்பு வேலை பார்க்கிறாள். கணவன் சிவக்குமார் போர்வெல் வண்டியில் போகிறவன். வருடத்தில் பாதிக்கு மேல் சத்தீஸ்கரிலோ ஒடிசாவிலோ ஏதாவது ஒரு பாறையைத் துளைத்துக்கொண்டிருப்பான். பள்ளிக்கூடம் போகும் இரண்டு குழந்தைகள். அவளைப் பற்றி யாராவது கேட்டால் அக்கம்பக்கத்தில் இவ்வளவுதான் சொல்வார்கள். அவளும் இவ்வளவுதான் சொல்லியிருப்பாள்.

சேலத்திலிருந்து ஃபோன் வந்தபோது அவள் துண்டுகளை மடித்து அடுக்கிக்கொண்டிருந்தாள். தறிச் சத்தத்தில் காதில் விழவில்லை. வெளியே வந்து மறுபடி கேட்டாள்.

“பொன்னன் மக ஜோதிங்களா?”

“ஆமாங்க.”

“ஆஸ்பத்திரில இருந்து கலையரசன் பேசறங்க. நீர்க்கட்டிக்குப் பாக்க வந்தப்ப நம்ம ஆராய்ச்சிக்கு ரத்தம் குடுத்தீங்கல்ல. மூணு வருசம் ஆயிருச்சு. இன்னொருக்கா வந்து குடுக்கோணும். வெறும் வயித்துல வரணுங்க.”

ஜோதி எந்த ஆராய்ச்சிக்கும் ரத்தம் கொடுத்ததில்லை. அவளுக்கு நீர்க்கட்டி இருந்ததுமில்லை.

“லைன்ல இருக்கீங்களா?”

“இருக்கறனுங்க.”

“வந்துருவீங்களா?”

“வாரனுங்க,” என்றாள்.

ரத்தம் கொடுத்தவள் அவளுடைய தங்கை இலக்கியா. அவள் இறந்து இரண்டு வருடத்துக்கு மேல் ஆகிறது.

இலக்கியாவுக்குப் பத்தாம் வகுப்பிலிருந்தே மாதவிலக்கு ஒழுங்காக வந்ததில்லை. வருடத்தில் இரண்டு முறை வந்தால் அதிகம். தாடையில் முடி முளைத்தது. பின்கழுத்தில் வெல்வெட் துணியை ஒட்டியதுபோல் தோல் கறுத்துத் தடித்தது. அம்மா ஆராயி அதை அழுக்கு என்று நினைத்தாள். ஞாயிற்றுக்கிழமைகளில் கல்லில் உட்காரவைத்துக் கடலை மாவு போட்டுத் தேய்த்தாள். தோல் சிவந்தது, கறுப்பு போகவில்லை. “குளிக்கறாளா என்னன்னே தெரியல,” என்பாள் ஆராயி. இலக்கியா கழுத்தை மூடித் துப்பட்டா போட ஆரம்பித்தாள். வெயில் காலத்திலும் எடுக்க மாட்டாள்.

படித்து முடித்துத் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ரிக் ஆபீசில் கணக்கு வேலைக்குச் சேர்ந்த பிறகு, யாரிடமும் சொல்லாமல் தனியாகவே சேலம் போய்க் காட்டினாள். திரும்பி வரும் பஸ்ஸிலிருந்து ஜோதிக்கு மட்டும் ஃபோன் செய்தாள்.

“அக்கா, உன்ற பேரக் குடுத்துட்டேன்.”

“எதுக்குடி?”

“எனக்கு மாப்ள பாத்துட்டு இருக்காங்கல்ல. அவ்வளவு பெரிய ஆஸ்பத்திரில நம்ம பக்கத்து ஆளு ஒருத்தர் இல்லாமயா இருப்பாங்க? பொன்னன் மக இலக்கியாவுக்கு இப்படியாம்னு ஒரு வாய் போதும், அப்புறம் ஒருத்தனும் நம்மூட்டுப் படியேற மாட்டான். உனக்கென்ன, கட்டிக் குடுத்தாச்சு, ரெண்டு பெத்தாச்சு. உன்ற பேருக்கு எந்த நோவு வந்தாலும் இனி யாரு கேக்கப்போறா?”

“அப்ப நானு என்ன செத்த கட்டையா?”

“ஓடி முடிச்ச வண்டி. எஃப்சிக்குக் காட்ட வேண்டியதில்ல.”

“வாயப் பாரு. வயசு?”

“என் வயசுதான். கல்யாணம் ஆகலைன்னுட்டேன். பேரும் ஃபோன் நம்பரும்தான் உன்னுது. அப்பன் பேரு ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான. ஃபோன் வந்தா நீ எடுத்து ஆமான்னு சொல்லிரு.”

ஜோதி சிரித்தாள். அந்த வேலை அவளுக்குத் தப்பாகத் தெரியவில்லை. அவர்கள் தெருவிலேயே ஒரு பெண்ணுக்கு, பெண் பார்க்க வந்தவர்கள் ஃபிரிட்ஜ் மேல் கிடந்த ஆஸ்பத்திரி ஃபைலைப் பார்த்துவிட்டுக் காப்பி குடிக்காமலே எழுந்து போயிருந்தார்கள்.

“ரத்தம் எடுத்தாங்களா?”

“அத ஏன் கேக்கற. ஒரு டம்ளர்ல சக்கரைத் தண்ணி குடுத்தாங்க. ஒரு கல்யாணத்துக்குக் காய்ச்சற பாகு மொத்தத்தையும் ஒரே டம்ளர்ல ஊத்துன மாதிரி. அதக் குடிச்சுட்டு வாந்தியும் எடுக்கக் கூடாதாம். ரெண்டு மணி நேரம் உக்கார வெச்சு ஊசி ஊசியாக் குத்துனாங்க.”

அந்த வருட மழைக்காலத்தில் சங்ககிரிக்குப் பக்கத்தில் பைபாஸில் ஒரு லாரி இலக்கியாவின் ஸ்கூட்டர் மேல் ஏறியது. எல்லாம் முடிந்த பிறகு பொன்னன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டார். துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும், “ஒரு குறை சொல்ல முடியாத பொண்ணுங்க,” என்றார். இப்போதும் சொல்கிறார். ஜோதி எதையும் சொல்லவில்லை. சேலத்தைப் பற்றி அவள் மறந்தும்போயிருந்தாள்.

ஃபோன் வந்த அன்று வீட்டுக்கு வந்து சமையல் செய்யும்போது, தான் ஏன் வருகிறேன் என்று சொன்னோம் என்று யோசித்தாள். யாரோ ஒருவர் இலக்கியாவைத் தேடியிருக்கிறார். இரண்டு வருடமாக யாரும் தேடவில்லை. இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. அவ்வளவுதான்.

சேலத்தில் அந்த ஆஸ்பத்திரியின் பின்கட்டடத்தில் ஆராய்ச்சிப் பிரிவு இருந்தது. கலையரசன் வேலைக்குப் புதிதாக வந்தவன். இலக்கியாவைப் பார்த்ததில்லை. உயரத்தை அளந்தான். அக்கா தங்கை இருவரும் ஒரே உயரம். எடை பார்த்ததும் கம்ப்யூட்டரையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான்.

“பாதி ஆளக் காணமேங்க.”

“எளச்சுட்டனுங்க.”

வெறும் வயிற்றில் ரத்தம் எடுத்துவிட்டு டம்ளரைக் கொடுத்தான். அவள் குடித்தாள். பாகு என்று தங்கை சொன்னது சரிதான். நாக்கிலும் தொண்டையிலும் பிசுபிசுத்தது. வாந்தி வந்தது, அடக்கிக்கொண்டாள். எழுந்து நடக்கக் கூடாது என்றான். சுவரோரம் நீல நிற பெஞ்சு. இங்கேதான் அவளும் உட்கார்ந்திருக்க வேண்டும் என்று ஜோதிக்குத் தோன்றியது. சற்று நகர்ந்து, பக்கத்தில் ஒருவர் உட்கார இடம் விட்டாள்.

ஊசி குத்திக்கொண்டே கலையரசன் பேச்சுக் கொடுத்தான்.

“தாலி இருக்குதே. போன தடவ கல்யாணம் ஆகலைன்னு எழுதியிருக்குது.”

“அதுக்கப்புறம் ஆச்சுங்க.”

“மாப்ள எங்க?”

“ஈரோட்டுல பேங்குல.” எங்கிருந்து வந்தது அந்த பேங்கு என்று அவளுக்குத் தெரியவில்லை.

“கொழந்தைங்க?”

“ரெண்டு,” என்றாள். அது அவளுடைய குழந்தைகளின் கணக்கு. பழக்கத்தில் வந்துவிட்டது.

அவன் விரலை மடித்து வருடத்தைக் கணக்குப் போட்டான். “ரெட்டையா?”

ஜோதி தலையாட்டினாள். அவன் முகம் மலர்ந்தது. “டாக்டரம்மா கேட்டாங்கன்னா சந்தோசப்படுவாங்க. நீர்க்கட்டின்னு வர்ற பொண்ணுங்க எல்லாம் கொழந்தையே பொறக்காதுன்னு அழுவாங்க. நீங்க ஒரேயடியா ரெண்டு பெத்துட்டு வந்து நிக்கறீங்க.”

அவன் டைப் செய்தான். ஒவ்வொரு எழுத்தாக அது உள்ளே போவதை ஜோதி கேட்டுக்கொண்டிருந்தாள். எழுந்துபோய் நிறுத்தியிருக்கலாம். ஆனால் எழுந்து நடக்கக் கூடாது என்று சொல்லியிருந்தான்.

டாக்டர் அமுதவல்லி ஐம்பதை நெருங்குகிறவர். நோயாளிகளிடம் அவசரமில்லாமல் பேசுவார். ஸ்கேன் எடுத்த பிறகு, என்ன தேடுகிறோம் என்று ஜோதிக்கு அவராகவே விளக்கினார்.

“ரத்தத்துல சின்னச் சின்னத் துண்டா சிலது மிதக்குதும்மா. மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு பேரு. மைக்ராஸ்கோப்புல பாத்தாக்கூடத் தெரியாது. செல்லுக்குள்ள இருந்து ஒரு செய்தி கெளம்பும், இதச் செய், அதச் செய்யின்னு. இந்தத் துண்டு போய் அதுமேல ஒட்டிக்கிட்டா அந்தச் செய்தி அடங்கிரும். உங்கள மாதிரி நீர்க்கட்டி இருக்கற பொண்ணுங்க ரத்தத்துல இதுல சிலது கூடவோ கொறச்சலாவோ இருக்குது. சக்கரை ஏறுறதுக்கும் அதுக்கும் ஏதோ தொடர்பு இருக்குது. எது முன்ன வருது, எது பின்ன வருதுன்னுதான் தெரியல.”

“போன தடவ எடுத்த ரத்தம் இப்ப இருக்குதுங்களா?”

“இருக்குதே. ஃப்ரீசர்ல.”

“கெட்டிருக்காதுங்களா?”

“மைனஸ் எண்பதுல கெடக்குது. அந்தத் துண்டுங்க சீக்கிரத்துல அழியாது. எத்தன வருசமானாலும் எடுத்துப் பாக்கலாம்.”

ஜோதி கதவைத் தாண்டி நடைபாதையின் கடைசியைப் பார்த்தாள். அங்கே அலமாரி உயரத்தில் ஒரு வெள்ளைப் பெட்டி உறுமிக்கொண்டிருந்தது. தங்கையின் உடம்பில் மிச்சம் எதுவும் கிடையாது என்று நினைத்திருந்தாள். சாம்பலைக் காவிரியில் கரைத்ததை அவளே பார்த்தாள். ஆனால் ஒரு குழாயளவு இங்கே இருந்திருக்கிறது, மூன்று வருடமாக, தன் பெயரை ஒட்டிக்கொண்டு.

அதற்குப் பிறகு பட்டறையில் அவள் கை மட்டும்தான் துண்டு மடித்தது. ஈரோட்டில் ஒரு வீடு இருந்தது. மாடி வீடு. பேங்கிலிருந்து வருகிறவனுக்கு மீன் பிடிக்காது. இரட்டையரில் ஒன்று பையன், ஒன்று பெண். வளவன், யாழினி. இலக்கியா அப்படித்தான் பெயர் வைப்பாள். பையனுக்குச் சளி பிடிக்கும். பெண் பாட்டியைப் போல் பிடிவாதம். ஜோதி இவற்றை யோசித்துக் கண்டுபிடிக்கவில்லை. அவை அங்கே இருந்தன, அவள் போய்ப் பார்த்தாள். ஒருநாள் சொந்த மகள், “அம்மா, எத்தன தடவ கூப்பிடறது?” என்று முந்தானையைப் பிடித்து இழுத்தபோது, ஜோதி திரும்பி அவளை ஒரு கணம் யாரென்று தெரியாமல் பார்த்தாள்.

ஒடிசாவிலிருந்து சிவக்குமார் கூப்பிட்டான். “என்ன, குரலே ஒரு மாதிரி இருக்குது?”

“ஒண்ணுமில்ல. நீங்க மீனு திம்பீங்கல்ல?”

“இதென்ன கேள்வி? பத்து வருசமா ஆக்கிப் போடறவ கேக்கற கேள்வியா?”

பரிசோதனை முடிவு சொல்ல டாக்டர் மறுபடி வரச் சொன்னார். ஜோதி சேலையை மாற்றி, தலைநிறையப் பூ வைத்துக்கொண்டு போனாள். பேங்கில் வேலை செய்கிறவன் மனைவி அப்படித்தான் போவாள்.

டாக்டர் இரண்டு தாள்களை மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருந்தார்.

“சக்கரை சுத்தமா நார்மல். இன்சுலின் நார்மல். ஸ்கேன்ல கட்டியே இல்ல. அந்தத் துண்டுங்களும் அப்படியே திரும்பியிருக்குது. மொதல் குழாய்ல இருக்கறது, பின்னாடி சக்கரை வரப்போற பொண்ணுங்களோட ரத்தம் மாதிரி. ரெண்டாவது குழாய்ல இருக்கறது, நோயே இல்லாத பொண்ணோட ரத்தம். நானும் இத்தன பேரப் பாக்கறேன், ஒரே உடம்புல இப்படிப் பாத்ததில்ல. ஒருத்தர வெச்சு ஒண்ணும் சொல்லிர முடியாதுதான். இருந்தாலும்…” அவர் கண்ணாடியைக் கழற்றினார். “சக்கரை ஏறாம இருக்க நாங்க குடுத்த மாத்திரை சாப்பிட்டீங்களா?”

“விட்டுட்டனுங்க.”

அது பொய்யில்லை என்று ஜோதி நினைத்துக்கொண்டாள். இலக்கியா மாத்திரையோடு எல்லாவற்றையும் விட்டுவிட்டாள்.

“எப்ப?”

“கல்யாணத்துக்கு முந்தியே.”

டாக்டர் அதைக் குறித்துக்கொண்டார். ஆராய்ச்சியில் இருக்கும் மற்றப் பெண்களிடம் ஒரு வார்த்தை பேச முடியுமா என்று கேட்டார். அவர்களுக்குத் தைரியமாக இருக்கும் என்றார்.

வெளியே பெஞ்சில் ஒரு பெண் அம்மாவோடு உட்கார்ந்திருந்தாள். மேச்சேரிக்காரி. இருபது வயது இருக்கலாம். தாடையில் பிளேடு பட்ட கீறல்கள். கழுத்தைச் சுற்றித் துப்பட்டா. மின்விசிறி ஓடியும் வியர்த்திருந்தது.

“இந்த அக்காதான்,” என்று கலையரசன் அறிமுகம் செய்துவிட்டுப் போனான்.

அந்தப் பெண் ஜோதியின் கழுத்தைப் பார்த்தாள். தாடையைப் பார்த்தாள். “உங்களுக்கும் இங்க கறுப்பா இருந்துச்சாங்க்கா?”

“இருந்துச்சு சாமி. எங்கம்மா கடலமாவு போட்டுத் தேச்சுத் தேச்சுத் தோல உரிச்சுட்டாங்க.”

அந்தப் பெண் சிரித்தாள். “எங்கம்மா தேங்கா நாரு.” அவளுடைய அம்மா வேறு பக்கம் பார்த்தாள்.

“என்ன பண்ணுனீங்கக்கா?”

“ஒண்ணும் பண்ணல சாமி. அதுவாப் போயிருச்சு.”

“மாத்திரை?”

“விட்டுட்டேன்.”

“பசங்க பேரென்ன?”

ஜோதி சொன்னாள். யாழினியின் பிடிவாதத்தைச் சொன்னாள். வளவனின் சளியைச் சொன்னாள். நடுவில் நிறுத்த முடியவில்லை. அந்தப் பெண் வாயைத் திறந்தபடி கேட்டாள். கிளம்பும்போது ஃபோன் நம்பர் வாங்கிக்கொண்டாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து ஃபோன் வந்தது. “அக்கா, நானும் மாத்திரைய நிறுத்திட்டேன். அதப் போட்டா வயித்தப் பொரட்டும். ஊட்டுலயும் சண்ட போட்டு ஒத்துக்க வெச்சுட்டேன். உங்களுக்கு எத்தன மாசத்துலக்கா சரியாச்சு? எனக்குத் தலை சுத்துது, தண்ணி தண்ணியாக் குடிக்கறேன். மொதல்ல அப்படித்தான் இருக்குமா?”

ஜோதி பட்டறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். உள்ளே தறிகள் ஓடின.

“அக்கா?”

“நாளைக்கு ஆஸ்பத்திரிக்கு வா. நானும் வாரேன்,” என்றாள். “இப்ப அந்த மாத்திரையப் போடு. சோறு தின்னுட்டுப் போடு.”

அன்றைக்கு முழுவதும் அவள் என்ன சொல்வதென்று பார்த்தாள். நான் வேறு ஏதோ மருந்து சாப்பிட்டேன் என்று அந்தப் பெண்ணிடம் சொல்லலாம். அவளுக்கு மட்டும் அது போதும். ஆனால் டாக்டரின் மேசையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. அவற்றை வைத்து யாருக்கு எதை நிறுத்தச் சொல்வார்களோ. சொல்லிவிட்டால் ஈரோட்டு வீடு போய்விடும். அது தெரிந்தேதான் பஸ் ஏறினாள்.

அவள் பேசி முடிக்கும்வரை டாக்டர் குறுக்கிடவில்லை. பிறகு, “அவங்க பேரென்ன?” என்றார்.

“இலக்கியாங்க.”

அந்தக் கட்டடத்தில் யாரும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

“ஏம்மா, ஃபோன்லயே இறந்துட்டாங்கன்னு சொல்லியிருந்தா என்ன ஆயிருக்கும்?”

“நீங்க கூப்பிட்டீங்கள்லங்க,” என்றாள் ஜோதி. “வேற யாரும் கூப்பிடல.”

டாக்டர் கோபப்படவில்லை. கொஞ்சம் களைத்தவர்போல் இருந்தார். கம்ப்யூட்டரைத் திருப்பி வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அழித்தார். எடை குறைவு. திருமணம். குழந்தைகள் இரண்டு. இறந்த மாதத்தைக் கேட்டு எழுதினார். குழாய்களைப் பற்றி ஆராய்ச்சியின் நெறிமுறைக் குழு கூடித்தான் முடிவு செய்யும் என்றார். “உங்க ரத்தம் எங்களுக்கு ஆகாது. அவங்க ரத்தத்தையும் பெரும்பாலும் அழிச்சிருவாங்க. வேற பேர்ல கையெழுத்துப் போட்டிருக்குதே. வீட்டுல அப்பாவோ அம்மாவோ அவங்க பேரச் சொல்லி எழுதிக் குடுத்தா ஒருவேளை வெச்சுக்கலாம்.”

ஜோதி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் அப்பாவை நினைத்துப் பார்த்தாள். அவரிடம் போய் இதைச் சொல்ல வேண்டும். உங்கள் பெண்ணுக்குத் தாடையில் முடி ஏன் முளைத்தது என்று சொல்ல வேண்டும்.

“வேண்டாங்க,” என்றாள். “எடுத்து ஊத்திருங்க.”

“அப்படின்னா இதுல ஒரு கையெழுத்துப் போடணும்.”

“யாரு பேருலங்க?”

“உங்க பேருலதான்.”

அவள் போட்டாள்.

வெளியே அந்த மேச்சேரிப் பெண் வந்திருந்தாள், இந்த முறை தனியாக. கலையரசன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்திருந்தான். முகம் வெளிறியிருந்தது. ஜோதி பக்கத்தில் உட்கார்ந்து சொன்னாள். தனக்கு இந்த நோயே கிடையாது என்றாள். நோய் தங்கைக்கு, அவள் இறந்துவிட்டாள், மாத்திரையால் இல்லை, லாரியில் என்றாள்.

அந்தப் பெண் ஊசி குத்திய விரலைப் பஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

“அப்ப சரியானது யாருக்கு?”

“யாருக்கும் இல்ல சாமி.”

“கடலமாவு?”

“அவளுக்குத்தான். அது நெசம்.”

“வெளையாட்டா உங்களுக்கு? நானு எங்கூட்டுல சண்ட போட்டேன், இந்தா ஒரு அக்காவுக்கு ரெட்டக் கொழந்தையே பொறந்துருக்குதுன்னு.” அவள் குரல் உயரவில்லை. துப்பட்டாவைக் கழுத்தில் இன்னொரு சுற்றுச் சுற்றினாள். “அந்தப் பையனுக்குச் சளின்னீங்க. அந்தப் புள்ள பிடிவாதம்ன்னீங்க.”

“ஆமா.”

“அதுங்களும் இல்லீங்களா?”

தங்கை இறந்ததை உள்ளே டாக்டரிடம் தடங்கலில்லாமல் சொல்லிவிட்டு வந்திருந்தாள் ஜோதி. இதற்கு வாய் திறக்க நேரமானது. அந்தப் பெண் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“இல்ல சாமி,” என்றாள். “அவுங்களும் இல்ல.”